நமது நூற்றாண்டுப் படத்தில் யார் பேசுவார்கள்?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பூண்டுலோயாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். அந்தப் பேச்சை இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்வோம். இப்போது நாங்கள் பேச எடுத்துக்கொண்டது வேறு விடயம். இந்த ஆண்டு நமது சங்கம் ஒரு நூற்றாண்டுப் படம் எடுக்கத் தீர்மானித்திருக்கிறது. அதற்குப் பணம் அனுப்பியவர்கள் கனடாவிலும் இலண்டனிலும் வளைகுடா நாடுகளிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். படம் எப்படி இருக்க வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் அவசரம்.

பாடசாலைப் படம் என்றவுடன் நமக்கு மனதில் வருவது ஒன்றே. மேலே இருந்து எடுத்த தேயிலை மலை, பின்னணியில் இசை, பாடசாலைக் கட்டடம், அதிபரின் ஆசியுரை, பரிசளிப்பு விழா, பிறகு டொக்டர், எஞ்சினியர், சட்டத்தரணி என்று வரிசையாக நாலு முகங்கள். அந்த நாலு முகங்களில் எங்களுடையதும் ஒன்றாக இருக்கக்கூடும். அதனாலேயே இதைச் சொல்லும் கடமை எங்களுக்கு அதிகம். அப்படி ஒரு படம் எடுத்தால் அது பொய்யாகாது. ஆனால் அது விளம்பரப் படமாகும். ஆவணப்படம் என்பது வேறு.

விளம்பரப் படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள நாம் எங்கும் போகத் தேவையில்லை. உலகத்தின் புகழ்பெற்ற ஆவணப்படங்களில் ஒன்று நமது தேயிலைக்காகவே எடுக்கப்பட்டது. 1934 இல் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படம் அது. அதற்குப் பணம் கொடுத்தது சிலோன் தேயிலைப் பிரசார சபை. தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் புத்தகத்திலிருந்து வசனம் எடுத்து, கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்டின் குரலில் சேர்த்தார்கள். 1935 இல் பிரஸல்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு முதற் பரிசு கிடைத்தது. திரைப்படம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றும் அது பாடம்.

அந்தப் படத்தில் நமது ஆட்கள் வருகிறார்கள். 'வணிகத்தின் குரல்கள்' என்ற பகுதியில் கொழுந்து பறிக்கும் பெண்களைக் காணலாம். அந்தக் காட்சிக்கு மேல் சந்தை விலைகளும் வியாபாரச் செய்திகளும் கேட்கின்றன. பேசில் ரைட் நல்ல கலைஞர். அந்த விலைக் கணக்கையும் அந்தப் பெண்களின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஏதோ சொல்லத்தான் முயன்றார். ஆனாலும் அந்தப் பெண்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. எந்த ஊரிலிருந்து வந்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள், அதில் எத்தனை தங்கியது என்று எவரும் அவளைக் கேட்கவில்லை. அவள் நமது பாட்டியின் தாயாக இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு கமரா வந்தது. 1970களின் முற்பகுதியில் பிரித்தானியாவின் கிரனடா தொலைக்காட்சி, தோட்டங்களில் நமது மக்கள் வாழும் நிலையை ஒரு நிகழ்ச்சியாகக் காட்டியது. ஒரு கோப்பைத் தேநீரின் விலை என்ன என்பதே அந்த நிகழ்ச்சியின் கேள்வி. வைத்தியசாலையில் வயதான அம்மாமாரிடம் பிள்ளை பிறந்த ஆண்டைக் கேட்டால் இன்றும் சிலர், "பாண் வரிசைக் காலங்க" என்று சொல்வார்கள். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. அந்தக் காட்சிகளைப் பார்த்து இங்கிலாந்தில் தேநீர் குடிப்பவர்கள் சங்கடப்பட்டார்கள், கேள்வி கேட்டார்கள். அந்த வகையில் அது நமக்குச் செய்த உதவி பெரிது. ஆனாலும் அதில் நாம் நோயாளிகளைப் போலவே இருக்கிறோம். காட்டப்படுகிறோம், இரக்கப்படப்படுகிறோம். நமது யோசனையை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கேதான் நமது மண்ணின் மனிதர் ஒருவரை நினைக்க வேண்டும். நமக்குப் பக்கத்து வட்டகொடை, மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் கையில் கமரா இருக்கவில்லை. பென்சிலும் தாளும் இருந்தன. லயங்களில் பாடப்பட்ட பாடல்களை அவர் கேட்டுக் கேட்டு எழுதினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பாக அது வந்தது. தோட்டத்து மனிதர்களை ஆள் ஆளாக எடுத்து 'போர்ன் டு லேபர்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டும் இன்று நமக்கு எழுத்தில் கிடைக்கின்றன என்றால் அவரைப் போன்றவர்கள் அந்த வேலையைச் செய்ததால்தான். அதைவிட நல்ல ஆவணப்படம் எது? நமது மலையிலேயே பிறந்த ஒருவர் நமது மொழியில் நமது ஆட்களிடம் கேட்டு எழுதியது அது.

சுயாதீன ஆவணப்படம் என்று இன்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். கம்பனியின் பணமும் அரசாங்கத்தின் கட்டளையும் இல்லாமல், எடுப்பவரே தன் கேள்விக்குப் பதில் தேடி எடுப்பது. இப்படிப்பட்ட படங்கள் பல வந்துள்ளன. அவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம். கூட்டம் முடிந்து போய்த் தேடிப் பாருங்கள்.

முதலாவது, எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியது. ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவியாக இருந்தவர். 'முறிந்த பனை' என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர். அரசாங்கப் படைகள் செய்ததையும் இந்தியப் படை செய்ததையும் இயக்கங்கள் செய்ததையும் ஒரே அளவுகோலால் அளந்து எழுதினார். 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி, பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. இரண்டு பெண் பிள்ளைகள். 2005 இல் கனடாவின் தேசியத் திரைப்பட சபைக்காக ஹெலீன் குளோடாவ்ஸ்கி என்ற பெண் இயக்குநர் அவரைப் பற்றி 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' என்ற படத்தை எடுத்தார்.

அந்தப் படத்தில் ராஜினியைப் பற்றிப் பேசுபவர்கள் பெற்றோர், சகோதரிகள், சிங்களவரான கணவர், பிள்ளைகள். கடந்த காலத்தைக் காட்டும் இடங்களில் ராஜினியாக நடித்தவர் அவருடைய மகள் ஷாரிகாவே. தாயைப் பிள்ளை வயதில் இழந்த ஒருவர் தாயாக நின்று நடிப்பதைப் பார்க்கும்போது, அரசியலைப் புரிந்துகொள்ள குடும்பத்தைக் கேட்பது ஏன் அவசியம் என்பது விளங்குகிறது. அவர்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். அந்த வேறுபாட்டையும் படம் மறைக்கவில்லை.

ராஜினியின் தங்கை சுமதி சிவமோகன் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. அவர் 2013 இல் 'இங்கிருந்து' என்ற படத்தை எடுத்தார். அது கதைப்படம், ஆனால் அது சொல்வது மலையகத் தமிழரின் வாழ்வையும் வரலாற்றையும். தலைப்பையே கவனியுங்கள். "அங்கிருந்து வந்தவர்கள்" என்றுதான் நம்மை இந்த நாடு நெடுகச் சொல்லிவந்தது. 2012 குடிசன மதிப்பீட்டிலும் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர் 'இந்தியத் தமிழர்' என்றே பதியப்பட்டிருக்கிறார்கள். நம் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பலருக்கும் அந்தச் சொல் இருக்கும். பிறந்தது பூண்டுலோயா, படித்தது பூண்டுலோயா, சான்றிதழில் மட்டும் இந்தியா.

இரண்டாவது படம் ஜூட் ரட்ணம் எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. 1983 ஜூலையில் அவர் ஐந்து வயதுப் பிள்ளை. கொழும்பிலிருந்து வடக்குக்கு ரயிலில் தப்பிப் போன குடும்பம். அந்தப் பயத்தின் வேரைத் தேடி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இந்தப் படத்தை எடுத்தார். 2017 இல் கான் திரைப்பட விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்டது. முன்பு இயக்கத்தில் இருந்து பிறகு கனடாவுக்குப் போன அவருடைய மாமா திரும்பி வந்து, தமிழரைத் தமிழரே கொன்ற கதையையும் பேசுகிறார். அதனால் நமது ஆட்களுக்கே கோபம் வந்தது. யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவில் காட்டவிருந்ததை நிறுத்திவிட்டார்கள். அவர் சொன்னதெல்லாம் சரி என்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மற்றவர் நமக்குச் செய்ததைச் சொல்வது சுலபம். நமக்குள் நாம் செய்துகொண்டதைச் சொல்லும்போதுதான் குடும்பத்துக்குள் குரல் தடிக்கும். நமது லயங்களில் சாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எத்தனை பேர் எழுந்து போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே பிரம்படி பட்டு ஒரே கங்காணியிடம் பேர் பதிந்த ஆட்கள்தான், கோயிலில் வேறு வேறு இடத்தில் நின்றார்கள்.

மூன்றாவது படம் கடலுக்கு அப்பால், நம்மைப் போன்ற தேயிலைத் தொழிலாளரைப் பற்றியது. திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை என்றொரு தோட்டம். 1929 இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட மலை. சம்பள உயர்வும், கைதான தொழிலாளரின் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 ஆம் திகதி திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். பொலிசார் தடியடி நடத்தினார்கள். தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள். தாயின் கையிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. ஆர்.ஆர். சீனிவாசன் அதை 'நதியின் மரணம்' என்ற படமாக்கினார். நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று கோப்பில் எழுதி மூடிவிடலாம். எதற்காக ஆற்றில் இறங்கினார்கள் என்பதைக் கோப்பு சொல்லாது. மரணச் சான்றிதழ் எழுதும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இறப்பின் உடனடிக் காரணம் ஒரு வரி. அதற்கு அடிப்படையான காரணத்துக்கு இன்னொரு வரி இருக்கிறது. படம் அந்த இரண்டாவது வரியை எழுதியது.

நான்காவது, எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குக் கசப்பான படம். தீபா தன்ராஜ் 1991 இல் எடுத்த 'சம்திங் லைக் எ வோர்'. இந்தியாவின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. கருத்தடை முகாமில் பெண்களை வரிசையில் வைத்து வேகமாகச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் ஒருவர் தன் எண்ணிக்கையைப் பெருமையோடு சொல்வார். அதே படத்தில் இன்னொரு பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது வைத்தியர் எவருக்கும் தலை குனியும். நமது நாட்டிலும் 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஊக்கப்பணம் கொடுத்த காலம் இருந்தது. அந்தக் காசு அரை நாள் பேருக்கும் முழு நாள் பேருக்கும் இடையில் திண்டாடிய குடும்பத்துக்கு எவ்வளவு பெரியதாகத் தெரிந்திருக்கும்? விரும்பிச் செய்தவர்களும் உண்டு, வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் போனவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று அந்த அம்மாமார்தான் சொல்ல முடியும். அவர்கள் இப்போது அறுபது எழுபது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி நமது படத்துக்கு வருவோம். அதில் மூன்று வகையானவர்கள் பேச வேண்டும் என்று எங்கள் வகுப்பில் படித்த சிலர் கூடி யோசித்தோம். அதை இந்தச் சபையில் வைக்கிறோம்.

ஒன்று, நம்முடன் படித்து, முடிக்காமல் போனவர்கள். முதலாம் வகுப்பில் நமது பக்கத்து வாங்கில் இருந்தவர்களில் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சைக்கு வந்தார்கள்? இடையில் ஒரு நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. தம்பியைப் பார்க்க ஆளில்லை என்றார்கள், கொழும்பில் ஒரு வீட்டில் விட்டிருக்கிறது என்றார்கள், பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்றார்கள். டீச்சர் இடாப்பில் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினார். அவ்வளவுதான். பழைய மாணவியர் சங்கம் என்றால் பரீட்சையில் தேறியவர்களின் சங்கம் என்று எந்த யாப்பிலும் எழுதவில்லை. படித்த ஒவ்வொருத்தியும் பழைய மாணவிதான். இன்று பெரட்டுக்குப் போய்க் கொழுந்தெடுக்கும் நமது தோழிகள், ரியாத்திலும் குவைத்திலும் வீட்டுவேலை செய்து திரும்பி வந்தவர்கள், தைத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர்கள், இவர்கள் முகமும் குரலும் இல்லாத படம் நமது பாடசாலையின் படம் ஆகாது.

இரண்டு, கடல் கடந்து போனவர்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நமது மக்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் பார்த்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974 இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுப்பதைப் போல ஆட்களை நிறுத்தார்கள். தலவாக்கலையிலும் ஹட்டனிலும் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். வழியனுப்பப் போனவர்கள் அழுத அழுகையால் அந்த ரயிலுக்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வந்தது. 1984 இல் கப்பல் நின்றது. போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் திரும்பவும் கொழுந்தெடுத்தார்கள். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். நமது பாடசாலையில் படித்த அக்காமார் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள்? சங்கத்தில் அந்தக் கணக்கு இல்லை. அவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல். இன்னும் பத்து ஆண்டு கழித்துத் தேடினால் பேரப்பிள்ளைகளைத்தான் பார்க்கலாம்.

மூன்று, பெயரும் பத்திரமும். நம் குடும்பங்களில் பலருக்கு மூன்று பெயர் உண்டு. வீட்டில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். தோட்டத்துக் கந்தோரில் எழுதியவருக்குத் தமிழ் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். அந்த எழுத்துப் பிழை ஓய்வூதிய நேரத்தில், சேமலாப நிதி எடுக்கும் நேரத்தில் வந்து காலை வாரிவிடுகிறது. பரம்பரை பரம்பரையாக வந்த வாக்குரிமை இழப்பு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் அதுவரை வாழ்ந்த வாழ்வை எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. நமது தோட்டங்களின் பெயரைப் பாருங்கள். டன்சினன் என்பது ஸ்கொட்லாந்தில் ஒரு மலை. சேக்ஸ்பியரின் நாடகத்தில் வருவது. தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரைத் துரைமார் நமது மலைக்கு வைத்தார்கள். நமது பூட்டன்மாருக்கும் விட்டுவந்த ஊர் இருந்தது. அவற்றின் பெயரை எங்கும் வைக்க அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. அதே டன்சினனில் 2018 இல் 404 வீடுகள் கட்டி மகாத்மா காந்திபுரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு பாட்டி லயத்துக் காம்பராவைப் பற்றிப் பேசினால், அதுவே ஒரு முழுப் படம்.

இந்த யோசனையைச் சொன்னபோது சில அக்காமார் மறுத்தார்கள். "லயத்தையும் கூடையையும் காட்டி எத்தனை நாளைக்கு? வெளிநாட்டிலிருந்து வருகிறவனெல்லாம் அதைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான். நமது பிள்ளைகளாவது நிமிர்ந்து நிற்கட்டும்" என்றார்கள். அது நியாயமான கோபம். வறுமையைக் காட்டிப் பரிசு வாங்கும் படங்கள் உண்டு என்பதை நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நமக்கு வெட்கம் வந்தது லயத்தால் அல்ல. லயத்தைக் காட்டியவர்கள் அதிலிருந்தவரைப் பேச விடாததால்தான். அந்த லயத்திலிருந்துதான் விளக்கு வெளிச்சத்தில் படித்து வந்தோம். நமக்கு ஒரு நாள் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, பிள்ளை போகட்டும் என்று அனுப்பிய தாயைக் காட்டாமல், பட்டம் வாங்கிய மகளை மட்டும் காட்டினால் நிமிர்வது எப்படி?

எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வைத்தியமும் இதுவும் ஒரு விதத்தில் ஒன்றுதான். நோயாளியிடம் நாங்கள் முதலில் கேட்பது "என்ன செய்யுது?" என்ற ஒரே கேள்வியை. பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இடையில் வெட்டினால் முக்கியமான சங்கதி வராது. வீட்டுப் பெரியவரிடமும் அப்படியே. "அந்தக் காலத்துக் கஷ்டத்தைப் பற்றிச் சொல்லுங்க" என்றால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். "உங்க அம்மா காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?", "பிள்ளைக்காம்பராவுல உங்களப் பாத்துக்கிட்டது யாரு?", "மொத சம்பளத்துல என்ன வாங்குனீங்க?" என்று கேளுங்கள். கதை தானாக வரும். கையிலுள்ள போன் போதும். ஆனால் சத்தம் முக்கியம். பக்கத்தில் வைத்து எடுங்கள். மழை தகரத்தில் விழும் நேரத்தைத் தவிருங்கள். வீட்டில் பேசும் பேச்சிலேயே பேச விடுங்கள். செய்தி வாசிக்கும் தமிழுக்கு மாற்றச் சொல்ல வேண்டாம். பெயர், பிறந்த தோட்டம், டிவிஷன், எடுத்த திகதி ஆகியவற்றை முதலிலேயே வாயால் சொல்லிப் பதியுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். பழைய புகைப்படம், துண்டு, கடவுச்சீட்டு, செக்ரோல் தாள் இருந்தால் அவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சம்மதம். நமது மக்கள் துரை கேட்டாலும் கங்காணி கேட்டாலும் டொக்டர் கேட்டாலும் "சரிங்க" என்று சொல்லிப் பழகியவர்கள். அந்தச் 'சரிங்க' சம்மதம் ஆகாது என்பதைச் சத்திரசிகிச்சைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கும்போதெல்லாம் நாங்கள் காண்கிறோம். எதற்கு எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடுவோம் என்பதை விளங்கச் சொல்லுங்கள். அன்று சரி என்றவரை மறு நாளும் போய்க் கேளுங்கள். எடுத்ததை முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். நோயைப் பற்றி, கருவைப் பற்றி, வீட்டில் அடிபட்டதைப் பற்றிச் சொன்னால், பெயரோடு வெளியே போகக் கூடாது. அரங்கில் முதல் திரையிடலின்போது முன் வரிசையில் உட்கார வேண்டியவர்களும் அவர்களே. பிரதம விருந்தினர் இரண்டாவது வரிசையில் உட்காரலாம்.

ஆகவே சங்கத்திடம் மூன்று விண்ணப்பங்கள். படத்துக்குச் சேர்ந்த பணத்தில் பாதியையாவது இந்த மூன்று வகையினரைத் தேடிப் போய்ப் பதிவு செய்ய ஒதுக்குங்கள். பழைய இடாப்புகளை எடுத்து, சிவப்பு மையால் வெட்டிய பெயர்களைப் பட்டியலாக்குங்கள். அந்த வேலைக்கு எங்கள் வகுப்பு ஆள் தருகிறது. பதிவு செய்ததில் ஒரு பிரதியை நமது பாடசாலை நூலகத்தில் வையுங்கள், அடுத்த நூற்றாண்டில் படிக்கும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

இந்த மலர் தபாலில் கிடைக்கப்போகும் வெளிநாட்டுச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவோ அம்மாயியோ மாமியாரோ உங்களோடு இருந்தால், குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு மணித்தியாலம் போதும். கேட்க வேண்டிய பல பேரை வைத்தியசாலைக் கட்டிலில் கடைசி நாளில்தான் எங்களுக்குச் சந்திக்கக் கிடைக்கிறது. அன்று அவர்களுக்கு மூச்சு விடவே நேரம் போதாது.

 இரத்த அழுத்தம் பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பின் ஐந்தாம் வகுப்பறைக்கு வாருங்கள்.